கூறியது கூறல் குற்றமா? அரசியல் மேடையில் திரும்ப வரும் சொல்

கேள்வி இது: "நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று. ஆனால் புகழ்பெற்ற அரசியல் உரைகளில் நமக்கு நினைவில் நிற்பதே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட தொடர்தான். இது பேச்சாளரின் திறமையா, கேட்பவரை மயக்கும் தந்திரமா? எத்தனை முறை சொன்னால் அளவு மீறியதாகும்?"

முதலில் நன்னூலை எழுதிய பவணந்தியாரின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பத்துக் குற்றங்களை அடுக்குவது பாயிரத்தில், நூலுக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில். நூலைப் படிப்பவர் விட்டதைத் திரும்பிப் பார்க்கலாம். புரியாத வரியை மறுபடி படிக்கலாம். வேண்டுமானால் மூடிவைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். அப்படிப்பட்டவருக்குச் சொன்னதையே மறுபடி சொல்வது அவருடைய நேரத்தைத் திருடுவதுதான். ஆனால் அதே நன்னூலின் சொல்லதிகாரம், அசைநிலைக்கும் (தனிப்பொருள் இல்லாத அசைச்சொல்) பொருள்நிலைக்கும் இசைநிறைக்கும் (செய்யுளின் ஓசையை நிரப்புதல்) ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கி வரலாம் என்று விதி வகுக்கிறது. பொருள்நிலை என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகிய உணர்ச்சிகள். பாம்பைக் கண்டவன் "பாம்பு பாம்பு" என்றுதான் கத்துவான். ஒருமுறை சொல்லி நிறுத்தினால் அருகில் இருப்பவருக்கே ஐயம் வந்துவிடும். ஆக, எழுத்தில் குற்றமாகும் ஒன்று, உணர்ச்சியோடு வாய் திறந்து பேசும்போது இயல்பாகிறது என்பதை நம் இலக்கணமே அறிந்து வைத்திருக்கிறது. நீங்கள் கண்ட முரண்பாடு நூலுக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடே தவிர, இலக்கணத்துக்கும் பேச்சாளர்களுக்கும் இடையிலான சண்டை அன்று.

பொதுக்கூட்டத்தில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் வந்து சேர்ந்தபோது பேச்சு பாதி முடிந்திருக்கலாம். பக்கத்தில் குழந்தை அழுகிறது. ஒலிபெருக்கி ஒரு சொல்லை விழுங்கிவிட்டது. முன் வரிசையின் கைத்தட்டலில் அடுத்த வாக்கியம் காணாமல் போனது. அவரால் பக்கத்தைத் திருப்ப முடியாது. திரும்ப வரும் தொடர்தான் அவருக்கு மறுபடி உள்ளே நுழைவதற்கான வாசல். தெரிந்த தொடர் காதில் விழுந்ததும், அடுத்துப் புதிதாக ஒன்று வரப்போகிறது என்று மனம் தயாராகிவிடுகிறது. தெரிந்த சொற்களைக் கேட்க உழைப்புத் தேவையில்லை என்பதால், அந்த இரண்டு விநாடிகளில் முன்பு கேட்டது உள்ளே இறங்கவும் இடம் கிடைக்கிறது. மேக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் அரசியல் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு, எந்த இடத்தில் கைத்தட்டல் எழுகிறது என்று ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார். மூன்றாக அடுக்கப்பட்ட தொடர்களும் எதிரெதிர் இணைகளும் முடியும் இடங்களில் கைத்தட்டல் எழுவதை அவர் காட்டினார். காரணம் எளியது. மூன்றாவது வரும் என்பதை இரண்டாவதிலேயே கூட்டம் உணர்ந்துவிடுகிறது; கைகள் அதற்குள் எழுந்துவிடுகின்றன.

இவ்வளவும் வசதிக்கான காரணங்கள். நல்ல உரையில் இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது, என் பதிலின் மையமே அதுதான். தறியில் பாவு நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் இருக்கிறது. ஊடை குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. பாவு அசையாமல் இருப்பதால்தான் ஊடையின் நிறம் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. மேடையில் திரும்ப வரும் தொடர் பாவு. அதைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது ஊடை. கேட்பவர் திரும்ப வந்த சொல்லைக் கேட்பதாக நினைக்கிறார். உண்மையில் அவர் மனம் பற்றிக்கொள்வது மாறிய சொல்லைத்தான். ஒரு பேச்சில் எது திரும்ப வருகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அதன் பக்கத்தில் எது நகர்கிறது என்று பார்ப்பதே அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளும் வழி.

இதற்கு 1940 ஜூன் 4 அன்று பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு. இந்தியர்களாகிய நமக்கு அந்த மனிதரோடு தீராத கணக்கு உண்டு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தச் சொற்களை மட்டும் பார்க்கலாம். பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து, ஜெர்மன் படைகளிடம் சிக்கியிருந்த 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்டிருந்தார்கள். நாடு அதை வெற்றியாகக் கொண்டாடத் தொடங்கியிருந்தது. பின்வாங்கல்களால் போர்கள் வெல்லப்படுவதில்லை என்று அந்த உரையிலேயே சர்ச்சில் எச்சரித்தார். முடிவில்தான் அந்தப் புகழ்பெற்ற பகுதி வருகிறது: பிரான்சில் போரிடுவோம், கடல்களிலும் பெருங்கடல்களிலும் போரிடுவோம், வளரும் நம்பிக்கையோடும் வலிமையோடும் வானில் போரிடுவோம், என்ன விலை கொடுத்தேனும் எங்கள் தீவைக் காப்போம், கடற்கரைகளில் போரிடுவோம், எதிரி தரையிறங்கும் இடங்களில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம், குன்றுகளில் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம்.

'போரிடுவோம்' என்ற சொல் ஏழு முறை வருகிறது. அதை மட்டும் கேட்டால் வீர முழக்கம். பக்கத்தில் இருக்கும் இடப்பெயர்களை வரிசையாகப் பாருங்கள்: பிரான்ஸ், கடல், வான், கடற்கரை, தரையிறங்கும் இடம், வயல், தெரு, குன்று. அது ஒரு பின்வாங்கலின் வரைபடம். பிரான்ஸ் கைவிட்டுப் போகும், கடலைக் கடந்து எதிரி வருவான், கரையில் இறங்குவான், நம் ஊர்த் தெருவுக்குள் வருவான், கடைசியில் மலையில் ஒளிந்து சண்டையிட வேண்டியிருக்கும் என்ற செய்தியைத்தான் ஊடையாக ஓடும் அந்தச் சொற்கள் சொல்கின்றன. வினை அசையாமல் நிற்கிறது. நிலம் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு தலைவர் மக்களிடம் நேராக "நாம் தோற்றுக்கொண்டே போகலாம்" என்று சொன்னால் கூட்டம் கலங்கும். மாறாத வினையின் துணையோடு சொன்னதால், அதே கசப்பான உண்மையை அவர்களால் விழுங்க முடிந்தது. இங்கே திரும்பச் சொல்லல் பொய்க்குத் துணை போகவில்லை. சொல்ல முடியாத உண்மையைச் சொல்வதற்கு வழியமைத்தது. இன்னொரு செய்தியும் உண்டு. அன்று அந்த உரை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகவில்லை. மாலைச் செய்தியில் அறிவிப்பாளர் அதன் பகுதிகளை வாசித்தார். இன்று நாம் கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949-இல் பதிவானது. அந்தக் குரலும் மேடையும் இல்லாமலே, வேறொருவர் வாசித்தபோதே அந்தத் தொடர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டன. அவற்றின் ஆற்றல் கட்டுமானத்திலேயே இருந்தது.

அடுத்து, 1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய உரை. இது 'எனக்கு ஒரு கனவு உண்டு' என்ற ஒற்றைத் தொடரால் அறியப்படுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. ஏனென்றால் அந்தப் பதினேழு நிமிடங்களில் அவர் பயன்படுத்திய திரும்பவரும் தொடர்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. அவை வரும் வரிசையிலும் ஒரு சிந்தனை இருக்கிறது.

முதலில் வருவது 'நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும்' என்பது. லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1863 ஜனவரி 1. அதே லிங்கனின் சிலைக்கு முன்னால் நின்று, கறுப்பின மனிதன் இன்னும் விடுதலை பெறவில்லை என்பதை நான்கு முறை இந்தத் தொடரோடு சொல்கிறார். இங்கே திரும்ப வருவது காலம். நூறு ஆண்டுகள் என்பது வெறும் எண். நான்கு முறை கேட்கும்போதுதான் அந்த எண்ணுக்குள் நான்கு தலைமுறை காத்திருந்த களைப்புத் தெரிகிறது. அடுத்து வருவது 'இதுவே தருணம்'. பொறுத்திருங்கள், படிப்படியாக எல்லாம் நடக்கும் என்று அன்றைய மிதவாதிகள் கூறிவந்தார்கள். அந்த மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'இதுவே தருணம்' என்று நான்கு முறை சொல்கிறார். நூறு ஆண்டு என்ற நீண்ட காலத்தை விரித்துக் காட்டிய அதே மனிதர் இப்போது காலத்தை ஒரு புள்ளியாகச் சுருக்குகிறார். இந்த இரண்டும் நடந்த பிறகுதான் கனவு வருகிறது. கோபமும் அவசரமும் இல்லாமல் கனவு மட்டும் வந்திருந்தால் அது தாலாட்டாகப் போயிருக்கும்.

கனவுப் பகுதி அவர் கையில் வைத்திருந்த எழுத்தில் இல்லை. அதே ஆண்டு ஜூனில் டெட்ராய்ட் நகரிலும், அதற்கு முந்தைய ஆண்டு வட கரோலினாவின் ராக்கி மவுண்ட் ஊரிலும் அந்தத் தொடரை அவர் பயன்படுத்தியிருந்தார். வாஷிங்டன் மேடையில் அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், "அந்தக் கனவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுத்ததை உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எழுத்தை விட்டுவிட்டு அவர் பேசத் தொடங்கினார். முன்பே பல கூட்டங்களில் சொல்லிப் பார்த்த தொடர் என்பதால்தான் எழுத்தில்லாமல் பேச முடிந்தது. கறுப்பினத் திருச்சபைகளில் போதகர் ஒரு தொடரைச் சொல்ல, சபையார் மறுமொழி கொடுக்க, அந்த மறுமொழியின் சூட்டில் போதகர் அடுத்ததைக் கண்டடையும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. கிங் அந்த வழக்கத்தில் வளர்ந்த போதகர். நம் ஊர்க் கதாகாலட்சேபத்தில் பாகவதர் நாமாவளியை எடுத்துக்கொடுத்துவிட்டு, கூட்டம் பாடும் நேரத்தில் அடுத்த கதைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இப்போது ஊடையைப் பாருங்கள். முதல் கனவில் நாடு முழுவதும் வருகிறது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற தன் சொந்த வாக்குறுதிக்கு ஏற்ப அது எழுந்து வாழும் என்கிறார். இரண்டாவதில் ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள். அடிமைகளின் பிள்ளைகளும் அடிமைகளை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்வார்கள். மூன்றாவதில் அநீதியின் வெப்பத்தில் புழுங்கும் மிசிசிப்பி. நான்காவதில் தன்னுடைய நான்கு குழந்தைகள். தோலின் நிறத்தால் அன்றிப் பண்பால் மதிக்கப்படும் நாட்டில் அவர்கள் வாழ்வார்கள். நாடு, மாநிலம், வீடு என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு தந்தையின் மடியில் நிற்கிறது. அங்கே "இன்று எனக்கு ஒரு கனவு உண்டு" என்று வேறெதுவும் சேர்க்காமல் நிறுத்துகிறார். பிறகு அலபாமா என்று மறுபடி வெளியே போகிறார். அதன் ஆளுநரைக் கடுமையாகக் குறிப்பிட்ட அதே மூச்சில், அங்கே கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் கைகோத்து நிற்பதைக் காட்டுகிறார்.

அந்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். அவரும் திரும்பச் சொல்லலில் வல்லவர் என்பதை இங்கே குறிப்பிடாமல் போனால் என் பதில் நேர்மையாக இருக்காது. அதே 1963-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று மான்ட்காமரி நகரில் பதவியேற்ற உரையில் அவர் சொன்னது: "இன்று இனப்பிரிவினை, நாளை இனப்பிரிவினை, என்றென்றும் இனப்பிரிவினை." மூன்று அடுக்கு, ஏறுவரிசை, கச்சிதமான முடிவு என்று கட்டுமானத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் திரும்ப வரும் சொல்லை நீக்கிவிட்டு மீதியைப் பாருங்கள்: இன்று, நாளை, என்றென்றும். அதில் ஒரு மனிதர் இல்லை, ஓர் ஊர் இல்லை, ஒரு குழந்தை இல்லை. காலம் மட்டும் நீள்கிறது, அந்தக் காலத்துக்குள் எதுவும் மாறக்கூடாது என்பதே பேச்சாளரின் விருப்பம். கிங்கின் கனவுப் பகுதியில் திரும்ப வரும் தொடரை நீக்கினால் செம்மண் குன்றும் மேசையும் நான்கு குழந்தைகளும் கோத்த கைகளும் மிஞ்சுகின்றன. உத்தி இருவருக்கும் பொது. உத்தியில் வைத்து இருவரையும் பிரிக்க முடியாது. அது எதைச் சுமந்து வருகிறது என்பதில்தான் பிரிக்க முடியும்.

கிங்கின் உரையில் நான் மிகவும் வியக்கும் இடம் கனவுக்கும் பின்னால் வருகிறது. 'சுதந்திரம் ஒலிக்கட்டும்' என்று அவர் மலைமலையாகச் செல்லும் பகுதி அது. முதலில் நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், பென்சில்வேனியா, கொலராடோ, கலிஃபோர்னியா. இவை வடக்கும் மேற்கும். அங்கே சுதந்திரம் ஒலிக்கட்டும் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். பிறகு "அது மட்டும் போதாது" என்று சொல்லித் தெற்கே திரும்புகிறார்: ஜார்ஜியாவின் ஸ்டோன் மலை, டென்னசியின் லுக்அவுட் மலை, மிசிசிப்பியின் ஒவ்வொரு குன்றும் மேடும். ஸ்டோன் மலையின் உச்சியில்தான் 1915-இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பு மறுபடி உயிர்ப்பிக்கப்பட்டது. ஐந்து மலைகளில் பழகிப்போன தொடர், ஆறாவது மலையில் ஏறும்போது எதிரியின் கோட்டைக்குள் நுழைந்துவிடுகிறது. கேட்பவர் காது ஏற்கெனவே 'ஒலிக்கட்டும்' என்று இசைந்துவிட்டதால், அந்த மலையில் மட்டும் மறுக்க இடமில்லை.

நெல்சன் மண்டேலா 1964 ஏப்ரல் 20 அன்று நீதிமன்றத்தில் ஆற்றிய உரையின் முடிவையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடினேன், கறுப்பர் ஆதிக்கத்தை எதிர்த்தும் போராடினேன் என்று ஒரே வினையை இரு பக்கமும் திருப்பிக் காட்டியதால், தன் போராட்டம் ஓர் இனத்துக்கு எதிரானதன்று என்பதை விளக்கவுரை எதுவும் இல்லாமல் அவரால் நிறுவ முடிந்தது.

தமிழுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த உரைகளை மொழிபெயர்ப்பில் படிக்கும்போது நம்மவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முன்னால் வந்துவிடும். ஆகவே திரும்ப வரும் தொடர் பெரும்பாலும் வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. எனவே நம் மேடையில் திரும்ப வரும் சொல் இயல்பாகவே வாக்கியத்தின் முடிவில், செய்யுளின் இயைபு இருக்கும் இடத்தில், போய் அமர்கிறது. இதனால் விளைவும் மாறுகிறது. தலையில் திரும்ப வரும் தொடர் எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. கடைசியில் திரும்ப வரும் தொடர் தீர்ப்பை உண்டாக்குகிறது. ஆங்கிலக் கூட்டம் "அடுத்து என்ன?" என்று காத்திருக்கிறது. தமிழ்க் கூட்டம் "இதுவும் அங்கேதான் போய் முடியும்" என்று தெரிந்துகொண்டு, முடியும் இடத்தில் பேச்சாளரோடு சேர்ந்து குரல் கொடுக்கக் காத்திருக்கிறது.

ஜெயலலிதா தம் தேர்தல் கூட்டங்களில் கேட்ட "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்பதை நினைத்துப் பாருங்கள். கேள்வியாக முடியும் வினை. கூட்டத்தின் மறுமொழிக்கென்றே விடப்பட்ட இடைவெளி. இரண்டாவது முறை 'நீங்கள்' என்ற ஒரு சொல் மட்டும் கூடுகிறது. அதற்குள் கேள்வியின் குறி செயலிலிருந்து செய்பவர் மீது திரும்பிவிடுகிறது. முதல் கேள்விக்குக் கூட்டம் பதில் சொன்னது, இரண்டாவதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் வாக்கியம் முழுமையாகும் என்பதால்தான் இந்த நுட்பம் இயலுகிறது. பெரியார் சிலைகளின் பீடங்களில் காணப்படும் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்ற வாசகத்தையும் கொள்கை உடன்பாட்டுக்கு அப்பால் வைத்து இலக்கணமாகப் பாருங்கள். முதல் இரண்டும் ஒன்றேதான். மூன்றாவதில் ஒரு தேற்றேகாரம் (உறுதியைக் காட்டும் 'ஏ') ஏறுகிறது, சொல் இரட்டிக்கிறது. நன்னூல் அனுமதித்த அடுக்கு அது. வேறு சான்று எதையும் அந்த வாசகம் தருவதில்லை. உறுதியின் அளவு மட்டும் படியேறுகிறது. பீடத்தில் பொறித்தாலும் அது பேச்சாகவே ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

அடுக்குமொழி என்று நாம் சொல்வது இதிலிருந்து சற்று வேறுபட்டது. அண்ணாவின் பெயரோடு சேர்த்து இன்றும் சொல்லப்படும் "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை" என்ற தொடரில் திரும்ப வருவது ஒலி, பொருள் அன்று. அது தூங்கி வழியும் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும், நினைவில் ஒட்டிக்கொள்ளும். வாதத்தை அது நகர்த்தாது. நகர்த்த வேண்டும் என்று அண்ணாவும் அதைச் சொல்லியிருக்க மாட்டார். பொருளாதாரப் புள்ளிவிவரங்களையும் வரலாற்றுச் செய்திகளையும் எளிய சொல்லில் கூட்டத்துக்கு விளக்கக்கூடியவராக அவர் இருந்தார், அடுக்குமொழி அதற்குத் தோரணமாக நின்றது. பின்னால் வந்த பலர் தோரணத்தை மட்டும் கட்டினார்கள். பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் கவலையும் இதுதான். எதுகையும் மோனையும் குறைவின்றி வருகின்றன, கை ஏறி இறங்குகிறது, முடித்துவிட்டுப் போன பிறகு அந்தப் பிள்ளை எதை நம்பச் சொன்னது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரிவதில்லை. குற்றம் பிள்ளைகளுடையது அன்று. அவர்களுக்குத் திரும்பச் சொல்லக் கற்றுக்கொடுத்த நாம், நகர்த்தக் கற்றுக்கொடுக்கவில்லை.

வடநாட்டுத் தலைவர்கள் தமிழ்நாட்டு மேடையில் பேசி, ஒருவர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கும்போது திரும்பச் சொல்லல் படும் பாடும் இந்த இலக்கண வேறுபாட்டால் வருவதே. தலையில் வந்த தொடர் தமிழில் வாலுக்குப் போகிறது. பேச்சாளர் எழுப்பிய எதிர்பார்ப்பு, மொழிபெயர்ப்பாளர் வாயில் முடிவாக மாறுகிறது. நல்ல மொழிபெயர்ப்பாளர் அந்தத் தொடரைத் தனி வாக்கியமாக முன்னால் நிறுத்திவிட்டு மீதியைப் பின்னால் சொல்வார். கிங்கின் தொடரை "எனக்கு ஒரு கனவு உண்டு. ஒருநாள்..." என்று பிரித்துச் சொன்னால்தான் அது தமிழிலும் கனவாக இருக்கும்.

எதிரியின் சொல்லையே எடுத்துத் திரும்பச் சொல்வது தனி வகை. 1971 தேர்தலில் எதிர்க்கட்சிகள் 'இந்திராவை அகற்றுவோம்' என்றன. "அவர்கள் இந்திராவை அகற்று என்கிறார்கள், நான் வறுமையை அகற்று என்கிறேன்" என்று இந்திரா காந்தி ஊர் ஊராகச் சொன்னார். இந்தியில் 'ஹட்டாவோ' என்ற வினை அப்படியே நின்றது. அகற்றப்பட வேண்டியது மட்டும் மாறியது. எதிர்க்கட்சிகள் தங்கள் முழக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர் மனத்தில் அவருடைய மறுமொழியும் சேர்ந்தே எழுந்தது. அந்தத் தேர்தலில் அவர் கட்சி 352 இடங்களைப் பெற்றதற்குக் காரணங்கள் பல. இந்த ஒரு வரியின் பங்கும் அதில் உண்டு என்பது என் கருத்து. வறுமை அகன்றதா என்பது வேறு கேள்வி, அதற்கு அந்த வரியால் பதில் சொல்ல முடியாது.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பகுதி: இது தந்திரமா? தந்திரமாகவும் ஆகும் என்பதில் ஐயமில்லை. 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையும் பொய்யும் கலந்த கூற்றுகளை இரண்டு வார இடைவெளிகளில் மூன்று முறை கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். சில கூற்றுகள் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவை, உண்மையோ பொய்யோ, முறைக்கு முறை அதிக உண்மையாகத் தோன்றின. 2015-இல் வெளியான ஆய்வு இன்னும் கவலை தருவது: சரியான செய்தியை முன்பே அறிந்தவர்களும் இந்த விளைவுக்குத் தப்பவில்லை. பழகிய ஒன்றை மனம் எளிதில் கடந்து போகிறது. அந்த எளிமையை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. 'ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும்' என்று ஹிட்லரின் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் சொன்னதாக நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே அது அவருடைய கூற்றாகிவிட்டது. பரப்புரை சில கருத்துகளோடு தன்னை நிறுத்திக்கொண்டு அவற்றையே விடாமல் சொல்ல வேண்டும் என்று ஹிட்லர் எழுதியது மட்டும் உண்மை.

மேடையில் திரும்பச் சொல்வதற்கும் இந்தப் பரப்புரைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படிப் பார்க்கிறேன். கிங்கும் சர்ச்சிலும் ஒரே உரைக்குள், எல்லோரும் கேட்கும்படி, நான் திரும்பச் சொல்கிறேன் என்பதை மறைக்காமல் திரும்பச் சொன்னார்கள். கேட்பவருக்கு அது உத்தி என்று தெரியும். பரப்புரையின் திரும்பச் சொல்லல் நாள்களிலும் வாய்களிலும் பரவிக் கிடக்கிறது. காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர், மறுநாள் கைப்பேசியில் பெயர் தெரியாத ஒருவர் என்று வருவதால், ஒரே வாக்கியம் பல சாட்சிகளின் வாக்குமூலமாகத் தோன்றுகிறது. நம்மைப் பாதிப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான், அதற்கு மேடையோ சொல்வன்மையோ தேவையில்லை.

அப்படியானால் திரும்பச் சொன்னாலே போதும், வென்றுவிடலாம் என்று எண்ணுபவர்களும் தோற்கிறார்கள். 2017 பிரிட்டிஷ் தேர்தலில் பிரதமர் தெரசா மே 'வலுவான, நிலையான' தலைமை என்பதைக் கேள்வி எதுவானாலும் பதிலாகச் சொன்னார். அவர் கட்சி பெரும்பான்மையை இழந்தது. 2016 பிப்ரவரி 6 அன்று அமெரிக்கக் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதத்தில் மார்கோ ரூபியோ ஒபாமாவைப் பற்றிய ஒரே வாக்கியத்தை ஏறத்தாழ மாற்றமில்லாமல் சில நிமிடங்களில் பலமுறை சொன்னார். மனப்பாடம் செய்த பேச்சு இது என்று சக வேட்பாளர் கிறிஸ் கிறிஸ்டி சுட்டிக்காட்டினார். அதற்கு மறுமொழியாகவும் ரூபியோ அதே வாக்கியத்தையே சொன்னார். மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் வாக்கெடுப்பில் அவர் ஐந்தாம் இடத்துக்குப் போனார். சொல்வன்மை குறைந்தவர் அல்லர் அவர். பாவு இருந்தது, ஊடை ஓடவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை முறை என்று கேட்டிருந்தீர்கள். நன்னூல் சொன்ன நான்கு என்ற எல்லை ஒரு சொல் தனித்து அடுக்கும்போது பொருந்துவது. ஊடை ஓடும் வரை பாவு தாங்கும். சர்ச்சிலின் 'போரிடுவோம்' ஏழு, கிங்கின் கனவுத் தொடர் எட்டு. ஆனால் எட்டாவதில் நடந்ததைக் கவனியுங்கள். ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசிக் கனவில் ஊர்ப்பெயர் எதுவும் சொல்லவில்லை. பள்ளங்கள் எல்லாம் உயரும், மலைகள் எல்லாம் தாழும் என்ற, விவிலியத்தில் வரும் ஏசாயாவின் வேத வாக்குக்குப் போய்விடுகிறார். அதற்கு மேல் விரிய இடமில்லை. அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்திருந்தால் போதும், இரண்டரை லட்சம் பேரும் அந்தத் தொடரை அவருக்காகச் சொல்லியிருப்பார்கள். அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, "இந்த நம்பிக்கையோடு" என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.